வரும் வாரத்து வானிலை

கார்த்திகைத் திங்கள் பிறந்துவிட்டால், எம் விடுதியில் விடியற்காலையில் முதலிற் படிக்கப்பெறுவது பாடநூல் அன்று, வானிலை அறிக்கையே. நாளை கல்லூரிக்கு விடுமுறை உண்டோ என்று அறியும் ஆவலன்றி வேறு நோக்கம் எம்மிற் பெரும்பாலோர்க்கு இல்லை என்பதை ஒளியாது கூறிவிடுகின்றோம். ஆயின் எம்முடன் ஓரறையில் உறையும் நண்பர் ஒருவர்க்கு அவ்வறிக்கை வயிற்றுப்பாட்டைப் பற்றியது. அவர் மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பத்திற் பிறந்தவர். அவர்தம் தந்தையார் பைபர் படகில் மீன்பிடிக்கச் செல்பவர்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், வியாழக்கிழமை மாலை, அப்பெரியவர் மகனைக் கைப்பேசியில் அழைத்தார். வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று நின்றிருந்த நேரம் அது. ஏற்கெனவே சில நாட்களாகப் படகுகள் கடலில் இறங்கவில்லை. “புயல் வருதா, வரலியா? படிச்ச பிள்ளைங்க நாலு பேர் இருக்கீங்க, பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா” என்பதே அவர் கேட்டது. யாம் நால்வரும் அறிக்கையைப் படித்தோம். கரையை அடையுமுன் அது வலுக்குறைந்து தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கக்கூடும் என்னும் கருத்து அதில் இருந்தது. தமிழ் பயிலும் எமக்கு அத்தொடரின் பொருள் ஐயமறத் தெளிந்ததாகவே தோன்றியது. “புயல் இல்லை, அப்பா” என்று நண்பர் சொல்லிவிட்டார்.

மறுநாட் பிற்பகல் அது புயலாகி, ‘ஃபெஞ்சல்’ என்னும் பெயரும் பெற்றது. சனிக்கிழமை இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன், புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. குப்பத்தில் படகை மேட்டில் ஏற்றியிருந்தார்கள். வலைகளை மட்டும், புயல் இல்லையென்ற துணிவில், கரையோரக் கொட்டகையிலேயே விட்டிருந்தார்கள். அலை கொட்டகையின் அடிமணலை அரித்தது. கொட்டகையும் போயிற்று, வலைகளும் போயின. மூவர் கூடிக் கடன்பட்டு வாங்கிய வலைகள் அவை. பெரியவர் எங்களை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதுவே எமக்குப் பெருஞ்சுமையாயிற்று.

அறிக்கை பொய்த்தது என்று கூறிவிட்டால் மனம் இலேசாகும். யாமும் முதலில் அவ்வாறே கூறிக்கொண்டோம். பின்னர் ஒருநாள் அதே அறிக்கையை எடுத்து மறுபடி படித்தோம். கனமழையும் பலத்த காற்றும் கடற்கொந்தளிப்பும் பற்றிய எச்சரிக்கைகள், யாம் படித்து நிறுத்திய வரிக்குக் கீழேயே இருந்தன. புயலா, அன்றா என்னும் ஒரு வினாவுக்கு மட்டும் விடை தேடிய கண்களுக்கு அவை புலப்படவில்லை. ஆகவே இவ்வாண்டு மலருக்கு இலக்கணக் கட்டுரை ஒன்று வரைய எண்ணியிருந்த யாம், அதனை மற்றோர் ஆண்டுக்கு ஒதுக்கிவிட்டு, ‘அடுத்த ஏழு நாட்களுக்கான முன்னறிவிப்பு’ என்று நாடோறும் வெளிவரும் அச்சில வரிகளைப் படிக்கும் முறையை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் நம் நிலப்பகுதியைப் பற்றிச் சிறிது. இந்திய நாட்டின் பெரும்பகுதிக்கு மழை தருவது ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று. நம் கரைக்கோ பெருமழை அக்டோபர்த் திங்களின் நடுப்பகுதிக்குப் பின், வடகிழக்குப் பருவக்காற்றினால் வருகின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் சராசரி மழை ஏறக்குறைய 44 செ.மீ.; கரையோரத்தில் அதனினும் மிகுதி. இம்மழை நாடோறும் அளந்து பெய்வதன்று. சில நாள் கொட்டும், பின் பத்து நாள் வெயில் காயும், மீண்டும் கொட்டும். ஒவ்வொரு கொட்டலுக்கும் பின்னால் வங்கக் கடலில் ஒரு சுழற்சியோ தாழ்வோ இருக்கும். அந்தமான் தீவுகளுக்கு அருகே தோன்றும் அத்தகைய சுழற்சி நம் கரையை அணுகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நாட்கள் செல்லும். ஆதலின் ‘வரும் வாரம்’ என்னும் கால அளவு நம் பகுதியைப் பொறுத்தவரை வெறும் நாட்காட்டி வசதியன்று. கடலே வகுத்துக் கொடுத்த அளவு எனலாம்.

கடலிலிருந்து உள்ளே வந்தால் ஏரிகளின் நாடு. செங்கழுநீர்ப்பட்டு என்பதே செங்கற்பட்டு என மருவியது என்பர். பெயரிலேயே நீர் நிற்கின்றது. நகரை அடுத்துக் கொளவாய் ஏரி. தெற்கே மதுராந்தகம் ஏரி. இவற்றிற்கிடையே எண்ணிறந்த சிற்றேரிகள், ஒன்றன் கலங்கல் நீர் மற்றொன்றின் வாய்க்காலாக. மதுராந்தகத்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்னும் ஆங்கிலேயர், ஏரிக்கரை உடையுமென்று அஞ்சி மழையிரவிற் பார்க்கச் சென்றபோது இராமலக்குவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்று அவ்வூர்க் கோயில் வரலாறு கூறுகின்றது. அவ்வரலாற்றை நம்புவோர் நம்புக. ஐப்பசி, கார்த்திகையில் கரை தாங்குமா என்னும் அச்சம் கலெக்டர் முதல் உழவர் வரை எல்லார்க்கும் பொதுவாயிருந்தது என்பதில் ஐயமில்லை. ஏரிக்கரையில் நிற்பவர்க்கு வேண்டியது காற்றின் வேகமன்று. இவ்வாரத்தில் மொத்தம் எத்தனை செ.மீ. பெய்யும், எந்த நாளிற் பெய்யும் என்பதே. கடலோரத்தார்க்கும் ஏரிக்கரையார்க்கும் ஒரே அறிக்கை வருகின்றது. அவரவர் தம் வரியைத் தேடிப் படித்தல் வேண்டும்.

இனி அறிக்கையின் சொற்கள். ‘ஓரிரு இடங்களில்’, ‘ஒரு சில இடங்களில்’, ‘பல இடங்களில்’, ‘பெரும்பாலான இடங்களில்’ என்னும் தொடர்களைக் கேட்குந்தோறும், எழுதியவர் சலிப்புத் தட்டாமலிருக்கச் சொற்களை மாற்றி மாற்றி ஆள்கின்றார் என்றே யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மை அஃதன்று. இவை ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஒரு வட்டாரத்திலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகுமாயின் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை ‘ஒரு சில’. 51 முதல் 75 வரை ‘பல’. அதற்கு மேல் ‘பெரும்பாலான’. ஆகவே செங்கற்பட்டு மாவட்டத்தில் ஓரிரு இடங்களிற் கனமழை என்றால், மாவட்டத்தில் ஏதோ சிற்சில ஊர்களில் அது நிகழும். அவ்வூர் நம் ஊராக இராமற் போவதற்கே வாய்ப்பு மிகுதி. அவ்வாறு இராமற் போனால் ‘பொய் அறிக்கை’ என்று ஏசுகின்றோம்; ஏசும் அதே வேளையில் இரு கல் தொலைவில் ஒருவர் முழங்கால் நீரில் நின்றுகொண்டிருப்பார்.

மழையின் பெயர்களும் அவ்வாறே. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை எல்லாம் லேசான மழையும் மிதமான மழையும், 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டது அதி கனமழை. ஒரு சென்டிமீட்டர் மழையென்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 40,000 லிட்டர் நீர். கதிர் முற்றிய நெல் வயலில் இதனைப் பெருக்கிப் பார்ப்பவர்க்கே எண்ணின் கனம் விளங்கும். மேலும் ஒன்று: வானிலையாரின் நாள் நள்ளிரவில் தொடங்குவதன்று, காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாட் காலை 8.30 மணிக்கு முடிவது. புதன்கிழமைக் கணக்கில் எழுதப்பெறும் மழையின் பெரும்பகுதி செவ்வாய்க்கிழமை பெய்ததே. இச்சிறு செய்தியறியாது, எம் விடுதியில் இரு மாணவர் ஒரு மாலை முழுதும் வாதிட்டு ஓய்ந்தனர்.

யாம் தடுக்கி விழுந்த இடத்திற்கு இப்பொழுது வருவோம். ‘தாழ்வுப் பகுதி’ வேறு, ‘தாழ்வு மண்டலம்’ வேறு, ‘புயல்’ வேறு. இவை காற்றின் வேகத்தை மட்டும் கொண்டு வகுக்கப்பெற்ற படிகள். மையத்தைச் சுற்றி வீசும் காற்று மணிக்கு ஏறக்குறைய 31 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வு மண்டலம். 50-ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐ எட்டினால் புயல். அதாவது 61-இல் வீசுவது மண்டலம். ஒரு கிலோமீட்டர் கூடினாற் புயல். பெயர் சூட்டுவிழா இந்த ஒரு கிலோமீட்டரில் நடந்துவிடுகின்றது. அலைக்கோ மணலுக்கோ இப்பெயர் வேறுபாடு தெரியாது. ஃபெஞ்சல் அவ்வெல்லைக் கோட்டின் இருபுறமும் ஊசலாடிய ஒன்று. அதனாலேயே ஒருநாள் ஒரு படியும் மறுநாள் வேறொரு படியும் கூற நேர்ந்தது.

மழையின் அளவு அப்படிகளைச் சார்ந்ததே அன்று. சுழற்சி எத்துணை மெல்ல நகர்கின்றது என்பதே பெரிதும் அதனை முடிவு செய்கின்றது. ஃபெஞ்சல் கரையேறிய பின்னும் புதுச்சேரியை ஒட்டி மணிக்கணக்காக நின்றுவிட்டமையால், விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. பெய்தது. அதனினும் கூரிய சான்று எம் கல்லூரிக்கு அருகிலேயே உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாட் காலை முதல் மறுநாட் காலை வரை தாம்பரத்திற் பெய்தது 49 செ.மீ. அன்று வங்கக் கடலிற் புயல் என்னும் பெயருக்குரியது எதுவும் இல்லை. ‘புயலா?’ என்று யாரேனும் அன்று கேட்டிருந்தால் ‘இல்லை’ என்பதே மெய்யான விடை. அம்மெய்யான விடையோடு எத்தனை வீடுகள் நீரில் மூழ்கின என்பதைச் சென்னையைச் சூழ்ந்து வாழ்வோர் மறக்கமாட்டார்கள்.

இன்னொரு மயக்கமும் கரையோரத்திற் பரவியிருக்கின்றது. புயல் புதுச்சேரிக்குப் போகின்றது, நமக்கு அச்சமில்லை என்பது அது. நம் அரைக்கோளத்திற் சுழற்சிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவது. ஆதலின் மையம் நமக்குத் தெற்கே கரையேறினால், அதன் வடபுறத்தில் இருக்கும் நம்மீது காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். அலையும் நீரும் கரைமேல் ஏறும். மையம் நமக்கு வடக்கே சென்றாற் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். எனவே மாமல்லபுரத்தார்க்குப் புதுச்சேரிப் புயல் சென்னைப் புயலினும் கடல்வழித் தீங்கு மிக்கதாகலாம். இதனைக் கடலோரத்துப் பெரியவர்கள் கருவியின்றியே அறிந்திருக்கின்றனர். வடக்கிலிருந்து வீசும் வாடை, கிழக்கே திரும்பிக் கொண்டலானால் மையம் தெற்கே இருக்கின்றது; மேற்கே திரும்பினால் வடக்கே இருக்கின்றது. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசைக்கொரு பெயரிட்ட மொழி, காற்றைச் செவிவழியாகவன்றி உடம்பின்வழி அறிந்தோர் மொழி என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

ஏழு நாள் முன்னரே கூறுவது எவ்வாறு கூடுகின்றது? இத்தொழில் பழையதன்று. பிரிட்டனில் 1859-ஆம் ஆண்டு ‘ராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல் புயலில் உடைந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டபின், பிட்சுராய் என்னும் கடற்படைத் தலைவர் 1861-இல் துறைமுகங்களுக்குப் புயலெச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். நம் நாட்டில், 1864-ஆம் ஆண்டுக் கல்கத்தாப் புயலும் அடுத்து வந்த பஞ்சங்களும் படிப்பித்த பாடத்தால் 1875-இல் வானிலைத் துறை தோன்றிற்று. சென்னை நுங்கம்பாக்கத்திலோ 1792 முதலே கம்பெனியாரின் வானாய்வு நிலையம் இருந்தது. காற்றின் இயக்கத்தைக் கணக்கினால் முன்கூட்டி அறியலாம் என்று 1922-இல் நூல் எழுதியவர் ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரில் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டிக்கொண்டே, ஆறு மணி நேரத்து வானிலையைப் பல வாரங்கள் கையாற் கணக்கிட்டார். விடை முற்றும் பிழையாயிற்று. முறை பிழையன்று என்பதைப் பின்வந்த கணினிகள் காட்டின.

கணினி வந்தும் எல்லை ஒன்று நின்றுவிட்டது. 1961-இல் அமெரிக்க நாட்டு அறிஞர் எட்வர்டு லோரன்ஸ், தம் கணக்கொன்றை இடையிலிருந்து மறுபடி ஓட்டும்போது 0.506127 என்னும் எண்ணை 0.506 என்று சுருக்கி இட்டார். தொடக்கத்தில் இரு கணக்குகளும் ஒன்றாகவே சென்றன. சிறிது சென்றதும் பிரிந்தன; பின் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வானிலைகளாயின. ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த பிழை அவ்வாறு வளர்ந்தது. கடலின் நடுவே மிதவைகள் சில, கரையோரத்தில் ரேடார்கள் சில, சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் ஒன்று, விண்ணிற் செயற்கைக்கோள்கள். இவை அளப்பவற்றில் அத்துணைப் பிழைகூட இராது என்று யார் உறுதி கூறுவர்? ஆதலின் இக்காலத்தார் ஒரே கணக்கைத் தொடக்க எண்களைச் சிறிது சிறிது மாற்றிப் பன்முறை ஓட்டுகின்றனர். இருபது படகோட்டிகளைத் தனித்தனியே வினவுவது போன்றது இது. இருபதின்மரும் ஒரே திசையைக் காட்டினால் துணியலாம். பத்துப் பேர் நெல்லூரையும் பத்துப் பேர் நாகப்பட்டினத்தையும் காட்டினாற் பொறுத்திருக்க வேண்டும்.

ஆகவே வாரத்தின் ஏழு நாட்களையும் ஒரே நிறையில் வைத்தல் ஆகாது. நாளையும் மறுநாளும் பற்றிய கூற்றைக் கொண்டு வேலையைத் திட்டமிடலாம். மூன்றாம் நான்காம் நாட்களுக்குரியதை அன்றன்று திருத்தம் பார்த்துக்கொண்டே ஏற்க வேண்டும். அதற்கு அப்பாற்பட்டவை, ஏதோ ஒன்று உருவாகின்றது, கண்ணயர வேண்டா என்னும் குறிப்பளவே. அதிலும் நம் வெப்ப நாட்டு இடிமழை மேகம் சில கிலோமீட்டர் அகலமே உடையது. நம் நாட்டுக் கணக்கு முறையின் கட்டங்கள் 12 கிலோமீட்டர் அகலமாயிருந்து, 2025 மே மாதத்திலேயே 6 கிலோமீட்டராகச் சுருங்கின. பெரிய கண்ணுடைய வலையில் நெத்திலி நிற்பதில்லை அன்றோ?

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மாமல்லபுரத்தின் வாசலிலேயே நடந்தது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், திங்கட்கிழமை, தென்கிழக்கு வங்கக் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி. அது புயலாகும், வட தமிழகக் கரையை ஒட்டிய கடலை 8-ஆம் நாட் காலையில் அடையும் என்பது அன்றைய கணிப்பு. 6-ஆம் நாள் மாலை மண்டலமாயிற்று. 7-ஆம் நாள் இரவு ‘மாண்டஸ்’ என்னும் புயலாயிற்று. அடுத்துத் தீவிரப் புயலுமாகிப் பின் தளர்ந்தது. 9-ஆம் நாள் இரவுக்கும் 10-ஆம் நாள் விடியலுக்கும் இடையே மாமல்லபுரத்திற்கு அருகே மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையைக் கடந்தது. ஐந்து நாளைக்கு முன் கூறியதில், வரும் என்பது சரியாயிற்று, வட தமிழகக் கரை என்பது சரியாயிற்று, காலம் பிந்திற்று, மாமல்லபுரம் என்னும் ஊர்ப்பெயர் முதல் நாளில் இல்லை, நாள் நெருங்க நெருங்கத் தெளிந்தது. ஒரு வாரத்து முன்னறிவிப்பிடம் எதிர்பார்க்கத்தக்கது இத்துணையே, இதுவும் சிறிதன்று.

பழங்குறிகளைப் பற்றி ஒரு சொல். பஞ்சாங்கம் ஆண்டு முழுமைக்கும் இத்தனை மரக்கால் மழை என்று கூறிவிடும். எந்த ஊருக்கு என்று கூறாது. வெள்ளிக்கோள் தென்திசை ஏகினால் மழை பொய்க்கும் என்னும் நம்பிக்கையைப் பட்டினப்பாலையின் தொடக்கத்திற் காண்கின்றோம். மாலையிற் செவ்வானம் நல்ல நாளுக்கு அறிகுறி என்னும் வழக்கு மத்தேயு சுவிசேஷம் 16-ஆம் அதிகாரத்திற் சுட்டப்பெறுவதை எம்மனோர் அறிவர். சிறுவயதில் எம் வீட்டில் அதனை நம் ஊர் வானத்திற்கும் பொருத்திச் சொல்வார்கள். கார்த்திகை மாதத்தில் அது பலமுறை பொய்த்ததன் காரணம் இப்பொழுதே விளங்குகின்றது. பாலஸ்தீன நாட்டிற்கு மழை மேற்கே உள்ள மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. மாலையில் மேல்வானம் சிவந்து தோன்றினால் அத்திசையில் மேகமில்லை என்பது பொருள். நமக்கோ இப்பருவத்தில் மழை கிழக்கிலிருந்து வருகின்றது. மேற்கு தெளிந்திருந்து, சாயுங்கதிர் கிழக்கே திரண்ட மேகத்தைச் சிவப்பாக்கினால், அது வரும் மழையின் முகமாகவே இருத்தல் கூடும். குறி பொய்யன்று, அதன் ஊர் வேறு.

நிறங்களைப் பற்றியும் கூறிவிடுவோம். மஞ்சள், கவனித்திரு என்பது. ஆரஞ்சு, ஆயத்தமாயிரு என்பது. சிவப்பு, செயலில் இறங்கு என்பது. சிவப்பைக் கண்டபின் ஆயத்தமாகத் தொடங்குவோர் ஒரு நிறம் பிந்தியவர்.

இவ்வாண்டும் மழைக்காலம் தொடங்கிவிட்டது. சென்ற வாரம் குப்பத்திலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. புயல் வருகிறதா என்று பெரியவர் கேட்கவில்லை. தென்மேற்கு வங்கக் கடலில் எந்தெந்த நாளில் எத்தனை காற்று என்று கேட்டார். அறிக்கையை இம்முறை கடைசி வரி வரை படித்த நண்பர், வியாழன் முதல் சனி வரை மணிக்கு 45 முதல் 55, இடையிடையே 65 என்றார். “சனிக்கிழமைக் கணக்கு மாறலாம் அப்பா, நாளைக்குத் திரும்பப் பார்த்துச் சொல்றேன்” என்றும் சேர்த்துக்கொண்டார். “சரிப்பா, வலையெல்லாம் நேத்தே மாதா கோவில் மேட்டுக்கு ஏத்தியாச்சு” என்று கூறி அவர் கைப்பேசியை வைத்துவிட்டார்.